விசாரணையும் விசாரிப்பும்

சென்ற கோடையில் என் அக்காள் மகள் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு நகரத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். வந்த நாளிலிருந்து தன் வகுப்புக் குழந்தைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். ஒருநாள் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மொட்டைமாடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “மாமா, நான் ஒரு பொய்க் கணக்கிலே கையெழுத்துப் போட்டேன். அது தப்பா?” என்று கேட்டாள்.

நான் கதை எழுதுகிறவன். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காதவன். அமெரிக்கப் பள்ளிக்கூடங்களின் வரவு செலவைப் பற்றிப் பேச உனக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்டால், ஒன்றும் இல்லை என்றே ஒப்புக்கொள்வேன். ஆனால் அவள் கேட்டது வரவு செலவைப் பற்றி அல்ல. தப்பா, இல்லையா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்தப் பட்டமும் தேவையில்லை. ஆனால் பதில் சொல்லுமுன் விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொஞ்சம் படித்தேன், நிறைய யோசித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவளுடைய பள்ளிக்கூடத்தில் படிப்பவர்கள் அநேகமாக எல்லோரும் ஏழைக் குழந்தைகள். இத்தகைய பள்ளிகளுக்கு வாஷிங்டனில் உள்ள மத்திய சர்க்கார் தனியாகப் பணம் தருகிறது. 1965-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டத்தின் முதல் பகுதிப்படி வருகிற பணம் அது. இப்போது வருஷத்துக்குச் சுமார் 1,800 கோடி டாலர். அது மாநில சர்க்காருக்குப் போய், அங்கிருந்து பள்ளி ஜில்லாவுக்குப் போய், பிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்கிறது. 2015-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். அதன்படி ஒவ்வொரு மாநிலமும் இந்தப் பணம் பெறும் பள்ளிகளில் கடைசி ஐந்து சதவிகிதத்தைக் கண்டுபிடித்துப் பட்டியல் போட வேண்டும். பட்டியலில் விழுந்த பள்ளிக்கூடம் முன்னேறுவதற்கு ஒரு திட்டம் எழுதித் தர வேண்டும். அதற்குக் கூடுதலாகவும் பணம் வரும். வந்த பணம் எப்படிச் செலவாயிற்று என்று மாநில அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள்.

அக்காள் மகளின் பள்ளி அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒருநாள் அதிகாரிகள் வந்தார்கள். மூன்று பேர். கெட்டிக்காரர்கள், மரியாதையானவர்கள் என்று அவளே சொல்கிறாள். வாங்கிய கம்ப்யூட்டர் ஒவ்வொன்றின் முதுகிலும் எண் ஒட்டியிருக்கிறதா, பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள் கையெழுத்திட்ட தாள் இருக்கிறதா, இந்தப் பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் இந்த வேலையைத்தான் செய்தோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா, மூன்று இடத்தில் விலை கேட்டு வாங்கினார்களா என்றெல்லாம் பார்த்தார்கள். எல்லாம் இருந்தது. இருக்கும்படி செய்வதற்காக அவளும் மற்றவர்களும் மூன்று ராத்திரி தூங்கவில்லை.

அந்தத் தாள்களில் ஒன்று, கம்ப்யூட்டரில் வாசிக்கப் பழக்கும் ஒரு பாடத்தைப் பற்றியது. இந்தப் பணத்தில் பதினைந்து சதவிகிதத்துக்கு மேல் அடுத்த வருஷத்துக்கு எடுத்துவைக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. ஆகவே வருஷக் கடைசியில் அவசர அவசரமாக அதை வாங்கினார்கள். குழந்தைகள் காதில் மாட்டிக்கொள்ளும் கருவி போதவில்லை. பாட அட்டவணையில் அதற்கு நேரமும் இல்லை. மூன்று வாரத்தில் அது ஓய்ந்துவிட்டது. ஆனால், ‘வருஷம் முழுவதும் வாரந்தோறும் பயன்படுத்தினேன்’ என்ற வாசகத்தின் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். அதிகாரிகள் குறை ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

“இதிலே இன்னொண்ணு மாமா. எங்க பள்ளிக்கூடத்திலே, வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளுக்குன்னு ஒரு டீச்சர் உத்தியோகம் உண்டு. அது வருஷம் பூரா காலி. ஆள் வரலே. என் வகுப்பிலே ஒரு பையன் எட்டு வயசாகியும் எழுத்துக்கூட்டத் தெரியாமல் உட்கார்ந்திருக்கான். அவனைப் பற்றி ஒருத்தரும் கேட்கலே” என்றாள்.

கேட்க மாட்டார்கள்தான். செலவான பணத்துக்கு ரசீது கேட்கலாம். ஆளே இல்லாத நாற்காலிக்கு என்ன ரசீது கேட்பது? செலவே ஆகாத இடத்தில் தணிக்கைக்கு வேலை இல்லை. ஆனால் அந்தப் பையனுக்கு நடந்த அநியாயம் முழுவதும் அந்தக் காலி நாற்காலியில்தான் இருக்கிறது.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. பல வருஷங்களாக நான் யாரிடமும் சொல்லாதது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வருவார். வருவதற்கு முதல் நாள் பள்ளிக்கூடமே கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். பீரோவிலிருந்து பூகோள உருண்டை வெளியே வரும். அதைத் துடைத்து வைப்பது என் வேலை. நான் நன்றாகப் படிக்கிறவன் என்று பெயர். ஐந்தாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். நல்ல பையன். ஆற்றில் நீந்துவதில் அவனுக்கு இணையே கிடையாது. ஆனால் வாசிக்க வராது. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, “நாளைக்கு அவன் வரவேண்டாம்னு போகிற வழியிலே சொல்லிடு” என்றார். நான் போய்ச் சொன்னேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. சரி என்றான்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். என்னை வாசிக்கச் சொன்னார், தோளில் தட்டினார். பள்ளிக்கூடத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது. அதற்கும் மறுநாள் அவன் வாசற்படியில் நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். என்னைக் கண்டதும், “அவர் போயிட்டாரா? நான் உள்ளே வரலாமா?” என்று கேட்டான்.

எந்தக் குழந்தைக்காக அந்த இன்ஸ்பெக்டர் உத்தியோகமே ஏற்பட்டதோ, அந்தக் குழந்தை அவர் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கப்பட்டது. ஒளித்துவைத்த ஆசிரியர் கெட்டவர் அல்லர். என்னைப் போல இருபது பேருக்குச் சொந்தக் காசில் நோட்டு வாங்கிக் கொடுத்தவர். அப்படிப்பட்டவரையும் அந்தக் காரியத்தைச் செய்ய வைத்தது எது? பயம். அவர் இன்ஸ்பெக்டரை, குறையைச் சொல்லி உதவி கேட்கக்கூடிய மனிதராகப் பார்க்கவில்லை. குறையைக் கண்டால் தண்டிக்கிறவராகத்தான் பார்த்தார்.

இந்தப் பயத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். பள்ளிக்கு எத்தனை குழந்தைகள் வந்தார்கள், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய பரீட்சைகளில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதைப் பார்த்து மானியம். ‘பலனுக்கு ஏற்ற பணம்’ என்று அதற்குப் பெயர். பெரிய கவிஞரான மாத்யூ ஆர்னால்டு 35 வருஷம் பள்ளி இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தவர். அவர் இந்த முறையை விடாமல் எதிர்த்து எழுதினார். படிப்பு உயிரற்ற சடங்காகிவிடும் என்பது அவர் வாதம். அதே முறை கப்பலேறி நம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது; இங்கே திண்ணைப் பள்ளிக்கூடங்கள் பரீட்சைப் பலனுக்கு ஏற்ப மானியம் வாங்கின. இங்கிலாந்தில் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதைக் கைவிட்டார்கள். ஆனால் முறை போனாலும் புத்தி போகவில்லை.

2002-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. 2014-க்குள் எல்லாக் குழந்தைகளும் வாசிப்பிலும் கணக்கிலும் தேறிவிட வேண்டும். தேறாத பள்ளிக்குத் தண்டனை மேல் தண்டனை. எல்லாக் குழந்தைகளும் என்றால் ஒரு குழந்தை பாக்கியில்லாமல். என்ன ஆயிற்று? 2011-இல் ஜார்ஜியா மாநிலம் அட்லாண்டா நகரத்துப் பள்ளிகளில் விசாரணை நடத்தியபோது, 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் மோசடியில் சம்பந்தப்பட்டிருந்தது தெரிந்தது. குழந்தைகளின் தப்பான விடையை ரப்பரால் அழித்துச் சரியான விடையைத் தாமே குறித்திருந்தார்கள். 2015-இல் பதினோரு பேருக்கு நீதிமன்றம் குற்றத்தீர்ப்பு அளித்தது. தீர்ப்பு நியாயமானதுதான். அழித்தவர்கள் மார்க்கை மட்டும் அழிக்கவில்லை. ‘எனக்கு வாசிக்க வரவில்லை, உதவி செய்யுங்கள்’ என்று அந்தக் குழந்தை தெரிவித்த ஒரே செய்தியையும் அழித்துவிட்டார்கள்.

அப்படியானால் கணக்கே கேட்கக் கூடாதா? பணத்தைக் கொடுத்துவிட்டு, உங்கள் மனச்சாட்சிப்படி செலவு செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிடலாமா? மென்மையான மனசு உள்ளவர்களுக்கு அப்படித் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் சரித்திரம் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

1965-ஆம் வருஷம் ஏப்ரல் 11-ஆம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அந்த மூலச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். டெக்ஸாஸ் மாநிலத்தில் தாம் சின்ன வயசில் படித்த பழைய ஓரறைப் பள்ளிக்கூடத்தின் வாசலில், தம்முடைய முதல் ஆசிரியையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். இளமையில் கொட்டுல்லா என்ற ஊரில் ஏழை மெக்ஸிகக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவர். நல்ல எண்ணத்தில் குறையில்லை. ஆனால் நான்கே வருஷத்தில், 1969-இல், நீக்ரோ மக்களின் உரிமைக்காக வழக்காடிய சங்கத்தாரும் மற்றொரு ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஏழைக் குழந்தைகளுக்கென்று வந்த பணம் பல ஊர்களில் பொதுச் செலவாகியிருந்தது. பாண்டு வாத்தியக்காரர்களுக்கு உடுப்பு வாங்கிய ஊர் உண்டு. நீச்சல் குளம் வாங்கிய ஊரும் உண்டு. கேட்பார் இல்லாத இடத்தில் ஏழையின் பங்கு எங்கே போகும் என்பது நமக்குத் தெரியாததா? செனட்டர் ராபர்ட் கென்னடி சட்டம் வரும்போதே இதைச் சந்தேகித்தார். பணம் குழந்தைக்குப் பயன்பட்டதா என்று பள்ளிகள் கணக்குக் காட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் சந்தேகம் ஏழைகளின் பக்கம் நின்று எழுந்த சந்தேகம்.

ஆகவே கேட்க வேண்டும். கேள்வி கேட்பது பாவமில்லை. யாரைக் கேட்பது, எதைக் கேட்பது என்பதில்தான் தர்மம் இருக்கிறது.

நம் பாஷையில் அழகான இரண்டு சொற்கள் இருக்கின்றன. விசாரணை என்கிறோம்; விசாரிப்பு என்கிறோம். ஒரே வேரில் பிறந்தவை. போலீஸ்காரர் செய்வது விசாரணை. உடம்பு சௌகரியமில்லாதவரைப் பார்க்கப் போய்ச் செய்வது விசாரிப்பு. முதலாவதில் பதில் சொல்கிறவன் பயப்படுகிறான்; இரண்டாவதில் அவன் மனசு ஆறுகிறது. முதலாவதில் மறைக்கத் தோன்றும். இரண்டாவதில் சொல்லத் தோன்றும். பந்தி விசாரிப்பது என்றும் ஒரு வழக்கு உண்டு. இந்த மூன்றாவதுதான் இங்கே எனக்கு வேண்டியது.

என் பெரியப்பா பந்தி விசாரிப்பதில் பெயர் போனவர். எந்தக் கல்யாணமானாலும் அவரைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுப்பார்கள். மற்றவர்கள் முதல் இலையிலிருந்து ஆரம்பித்து, பெரிய மனிதர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவார்கள். பெரியப்பா கடைசி இலையிலிருந்து ஆரம்பிப்பார். குழம்பில் காய் அங்கே வரைக்கும் வருகிறதா, பாயசத்தில் முந்திரி மிச்சமிருக்கிறதா, அப்பளம் முழுசாக விழுகிறதா என்று பார்ப்பார். ஓர் இலை காலியாக இருந்தால் சாப்பிடுகிறவரைப் பார்த்து, “ஏன் உமக்குச் சோறு இல்லை?” என்று கேட்க மாட்டார். திரும்பி, பரிமாறுகிறவன் கரண்டியைப் பார்ப்பார். “பந்தி வஞ்சனையைப் போல ஒரு பாவம் கிடையாதுடா” என்பார்.

அமெரிக்கப் பள்ளிகளில் நடந்துவந்த பந்தி வஞ்சனையை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! மத்திய சர்க்கார் தரும் பணம் கூடுதல் பணம். மாநிலமும் ஜில்லாவும் எல்லாப் பள்ளிகளுக்கும் சமமாகச் செய்துவிட்டு, அதற்கு மேல் ஏழைப் பள்ளிக்கு இதைப் போட வேண்டும் என்பதுதான் நியதி. ஆனால் சமம் என்பதை எப்படி அளந்தார்கள்? ஒரு ஜில்லாவில் இரண்டு பள்ளிகள். இரண்டிலும் முப்பது ஆசிரியர்கள். வசதியான பேட்டையில் உள்ள பள்ளியில் இருபது வருஷ அனுபவம் உள்ளவர்கள், சம்பளம் அதிகம். ஏழைப் பேட்டையில் இந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், சம்பளம் குறைவு, கொஞ்சம் பழகியதும் வேறிடம் தேடிப் போய்விடுவார்கள். கணக்குப் புத்தகத்தில் தலைக்குச் சராசரிச் சம்பளம் என்று போட்டுவிட்டால் இரண்டும் சமம்! அனுபவத்தால் வரும் சம்பள வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சட்டமே அனுமதித்திருக்கிறது. 2011-இல் மத்தியக் கல்வித் துறை உண்மைச் சம்பளத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தது. ஏழைகளுக்கான பணம் பெறும் பள்ளிகளில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவற்றில், ஊழியர்களுக்காக மாணவன் ஒருவனுக்கு ஆகும் மாநில, உள்ளூர்ச் செலவு, அதே ஜில்லாவில் அந்தப் பணம் பெறாத பள்ளிகளைவிடக் குறைவாக இருந்தது. மேலே ஊற்றிய நெய் தெரிந்தது. கீழே சோறு குறைந்தது தெரியவில்லை.

இத்தனை நாளும் இலையில் உட்கார்ந்தவனைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். 2009-க்குப் பிறகு சில வருஷங்களில், மிகவும் பின்தங்கிய பள்ளிகளைத் தூக்கிவிட மொத்தம் 700 கோடி டாலர் வரை செலவிட்டார்கள். தலைமை ஆசிரியரை மாற்று, பாதி ஆசிரியர்களை மாற்று, அல்லது பள்ளியை மூடு என்பவையெல்லாம் நிபந்தனைகள். 2017-இல் வெளியான அரசாங்க ஆராய்ச்சியே குழந்தைகளின் பரீட்சைத் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் காணோம் என்று சொல்லிவிட்டது. உடனே சிலர், பார்த்தீர்களா, பணத்தால் பயனில்லை என்றார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் தங்கள் குழந்தைக்கு மலிவான பள்ளிக்கூடமாகத் தேடிப் போகிறார்களா? எனக்குத் தெரிந்து இல்லை. கட்டளையோடும் கெடுவோடும் வந்து, கெடு முடிந்ததும் போய்விடுகிற பணத்துக்கும், ஒரு நல்ல ஆசிரியை பத்து வருஷம் ஓரிடத்தில் இருப்பதற்கு ஆகிற பணத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது.

2015 திருத்தத்தில் ஒரு சின்ன வாசகம் இருக்கிறது. அதைப் படித்தபோது என் பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. பின்தங்கிய பள்ளிகள் நிறைய உள்ள ஜில்லாக்களில், பணமும் மற்ற வசதிகளும் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்று மாநிலம் அவ்வப்போது பரிசீலிக்க வேண்டும். பின்தங்கிய பள்ளியின் திட்டத்தில், எந்த விஷயத்தில் தனக்குப் பங்கு குறைந்தது என்று எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் மாணவன் ஒருவனுக்கு ஆகும் உண்மைச் செலவை வெளியிட வேண்டும். கேள்வியின் முகமே திரும்பிவிட்டது பாருங்கள்! ‘நீ என்ன செய்தாய்?’ என்பது போய், ‘உனக்கு என்ன கிடைத்தது?’ என்று வருகிறது. இலையை விட்டுக் கரண்டியைப் பார்க்கச் சொல்கிறது.

ஆனால் சட்டத்தில் எழுதிவிட்டால் போதுமா? 2024-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் பின்தங்கிய பள்ளிகளின் திட்டங்களை ஆராய்ந்தது. தேவையைக் கண்டறிதல், சோதித்துப் பார்த்த வழியைத் தேர்ந்தெடுத்தல், பங்கு குறைந்ததைச் சுட்டிக்காட்டுதல் ஆகிய மூன்று அம்சங்களையும் கொண்ட திட்டங்கள் பாதிகூட இல்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. ‘எனக்குப் பங்கு குறைந்தது’ என்று ஒரு தலைமை ஆசிரியர் எழுதினால், அது யாரைக் குற்றம் சொல்கிறது? தமக்கு மேலே உள்ள ஜில்லா அதிகாரியை. எழுதுவதற்கு எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? அதற்கும் மேலாக, 2025 மார்ச்சில் ஜனாதிபதி டிரம்ப் மத்தியக் கல்வித் துறையையே மூடுவதற்கு வழிசெய்யும் ஆணையில் கையெழுத்துப் போட்டார். துறையை அடியோடு ஒழிக்க நாடாளுமன்றம் சம்மதிக்க வேண்டும். அது எப்படி முடிந்தாலும் பந்திக்கு விசாரிப்பாளர் வேண்டியிருக்கும். மேலே இருந்து கேட்பவர் இல்லாவிட்டால் கரண்டி பிடித்தவரே விசாரிப்பாளரும் ஆகிவிடுவார்.

சரி, அக்காள் மகளுக்கு என்ன பதில் சொன்னேன்?

இந்த வாதங்களையெல்லாம் வைத்துக்கொண்டு, “உன் மேல் தப்பில்லை அம்மா, அமைப்பின் தப்பு” என்று சொல்லியிருக்கலாம். அவளும் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ஆனால் அது பெரியவர்கள் செய்கிற சுலபமான மோசம். மறுநாள் காலையில் என் பள்ளிக்கூடத்துப் பையனின் கதையை அவளுக்குச் சொன்னேன். பிறகு, “தப்புத்தான். ஆசிரியர் சொன்னார் என்று நான் போய் அவனை வரவேண்டாம் என்றேனே, அதுவும் தப்புத்தான். உன் கையெழுத்தைப் பார்த்து அந்தப் பாடம் நன்றாக நடந்தது என்று நம்புவார்கள். நாளைக்கு இன்னொரு பள்ளிக்கூடத்துக்கும் அதையே வாங்குவார்கள். உன் வகுப்பிலே எழுத்துக்கூட்டத் தெரியாமல் உட்கார்ந்திருக்கானே, அவனை நீயும் ஒளித்துவைத்துவிட்டாய்” என்றேன்.

அவள் கண் கலங்கிற்று. “உண்மையை எழுதினால் பணம் நின்றுபோகும் என்று பயந்தேன் மாமா” என்றாள்.

“அந்தப் பயத்தை உண்டாக்கினவர்களுக்கு உன்னைவிடப் பெரிய பங்கு இருக்கிறது. அதற்காக உன் பங்கு இல்லையென்று ஆகாது” என்றேன். கடுமையாகப் பேசிவிட்டோமோ என்று அன்று முழுவதும் எனக்கே வருத்தமாக இருந்தது.

ஊருக்குப் போய்ச் சில மாதங்கள் கழித்துப் பேசினாள். இந்த வருஷத்துத் தாளில், ‘மூன்று வாரம் மட்டுமே நடந்தது; காரணம் இன்னது; வாசிப்பு ஆசிரியை இடம் காலி’ என்று எழுதிக் கொடுத்தாளாம். தலைமை ஆசிரியை ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அதை அப்படியே அனுப்பிவைத்தாராம்.

“என்ன ஆச்சு?” என்றேன்.

“ஒண்ணும் ஆகலே மாமா. பணமும் நிற்கலே, ஒருத்தரும் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லே. அந்த இடம் இன்னும் காலிதான்.”

பொய்யை எழுதியபோதும் யாரும் கேட்கவில்லை. உண்மையை எழுதியபோதும் யாரும் கேட்கவில்லை. விசாரணை இருந்தது; விசாரிப்பு இல்லை. இனி எந்த மாநிலத்து அதிகாரி எந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாலும், பீரோவிலிருக்கும் ரசீதுக் கட்டைக் கடைசியில் பார்க்கட்டும். முதலில் கடைசி பெஞ்சுக்குப் போய், அங்கே உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லட்டும். அது திணறினால் குழந்தையையும் முறைக்க வேண்டாம், ஆசிரியையையும் முறைக்க வேண்டாம். திரும்பிக் கரண்டியைப் பார்க்கட்டும். அந்தக் கரண்டி பெரும்பாலும் தம்முடைய கையிலேயே இருப்பது அவருக்குத் தெரியும்.